மருந்து எங்கே போனது என்று கேளுங்கள்

நானோ இரும்பைக் கொண்டு தண்ணீரிலிருந்து மருந்து எச்சங்களை நீக்கும் ஆய்வில் புதிதாகக் காலடி வைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நெடுங்காலம் குடுவையும் கையுமாக இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நாம் விழுங்கும் அமாக்சிசிலினில் பாதிக்கு மேல் எந்த மாற்றமும் அடையாமல் சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் கரிமக் கழிவையும் கிருமிகளையும் குறைப்பதற்காகக் கட்டப்பட்டவை. மருந்து மூலக்கூறுகளை நினைத்து யாரும் அவற்றைக் கட்டவில்லை. அங்கே தப்பி ஆற்றுக்கும் ஏரிக்கும் வந்து சேரும் ஆன்டிபயாடிக், அங்குள்ள பாக்டீரியாக்களில் மருந்துக்கு அடங்காதவற்றை வாழவைத்து மற்றவற்றை அழிக்கிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே நேரடிக் காரணமாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ‘லான்செட்’ இதழ் 2022இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. இதற்குக் காரணங்கள் பல. கழிவுநீர் அவற்றுள் ஒன்று. நம் கைக்கு எட்டுகிற ஒன்று.

கீழே உள்ள அறிவுரைகள் பலவாக இருந்தாலும் எல்லாம் ஒரே கேள்வியிலிருந்து கிளைப்பவை: தண்ணீரில் இருந்த மருந்து எங்கே போனது?

1. தண்ணீரை முடிவு செய்த பிறகு துகளைத் தொடுங்கள்

ஹைதராபாத்தை அடுத்த படான்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைப் பெற்றுவந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருந்தது. சுத்திகரித்து வெளியே விட்ட நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது என்று, சுவீடனைச் சேர்ந்த யோவாக்கிம் லார்சன் குழுவினர் 2007இல் வெளியிட்டார்கள். அந்த மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அது அதிகம். பாக்டீரியாவில் எதிர்ப்புத்திறன் தேர்வாகாமலிருக்க லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று பின்னாளில் கணித்தார்கள். இரண்டையும் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் மடங்கு வரும்.

ஒரு நகரத்தின் சாக்கடையில் இதே மருந்து நானோகிராம் அளவிலோ சில மைக்ரோகிராம் அளவிலோதான் இருக்கும். ஆலைக் கழிவுநீரும் ஊர்ச் சாக்கடையும் வேறு வேறு சிக்கல்கள். இரண்டுக்கும் ஒரே துகளும் ஒரே அளவும் பொருந்தாது. எந்தத் தண்ணீருக்காக உழைக்கிறோம் என்பதை ஆய்வுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. மூலக்கூறின் அமைப்பைப் படியுங்கள்

உலோக நிலையில் உள்ள இரும்பு எலக்ட்ரானைக் கொடுக்கும் இயல்புடையது. அதன் நியம மின்னழுத்தம் மைனஸ் 0.44 வோல்ட். கொடுப்பவர் இருந்தால் போதாது, வாங்கிக்கொள்ளும் இடமும் மூலக்கூறில் இருக்க வேண்டும். மெட்ரோனிடசோலில் நைட்ரோ தொகுதி இருக்கிறது. இரும்பு அதை விரைவாக ஒடுக்கிவிடும். குளோராம்ஃபெனிகாலில் நைட்ரோவும் உண்டு, குளோரினும் உண்டு. டைக்ளோஃபெனாக்கில் பென்சீன் வளையத்தின் மீது இரண்டு குளோரின் அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. வெறும் இரும்பு திணறும் இடத்தில் சிறிது பல்லேடியம் சேர்த்தால் அவை கழலும். சிப்ரோஃப்ளாக்சசினில் உள்ள கார்பன்–ஃப்ளூரின் பிணைப்போ மிக வலுவானது. வலிப்பு மருந்தான கார்பமசெபின் இரும்பிடமிருந்து எலக்ட்ரானை எளிதில் வாங்குவதில்லை. அது சுத்திகரிப்பு நிலையங்களையும் தாண்டி நிலைத்து நிற்பதால், ஒரு நீர்நிலையில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று அறிய அதையே அடையாளமாகக் கொள்கிறார்கள்.

‘மருந்துகள்’ என்று பொதுவாகப் பேசாதீர்கள். ஒவ்வொன்றையும் அதன் அமைப்பை வரைந்து, இரும்பு எங்கே தாக்கும் என்று விரல் வைத்துக் காட்டிய பிறகே பரிசோதனையைத் திட்டமிடுங்கள்.

3. இந்த இரும்பு எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 1991இல் ஒன்டாரியோவின் போர்டன் என்ற இடத்தில், நிலத்தடி நீர் ஓடும் வழியில் இரும்புத் துருவலைப் புதைத்துப் பார்த்தார்கள். குளோரின் ஏறிய கரைப்பான்கள் அதைக் கடக்கும்போது சிதைந்தன. 1997இல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாங், ஜாங் இருவரும் நானோ அளவில் இரும்பைச் செய்து அதே வேலையைப் பன்மடங்கு வேகமாக்கிக் காட்டினார்கள். மருந்து எச்சங்களின் மீது இந்தத் துகள்களைப் போட்டுப் பார்ப்பது அதன் பிறகு வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நிலத்தடியில் காற்று குறைவு, நீரோட்டம் மெது, கரைப்பானின் அளவு அதிகம். சாக்கடையிலோ கரிமப் பொருள் நிறைய, மருந்தோ மிகச் சொற்பம். அங்கே கண்ட வெற்றியை அப்படியே இங்கே எதிர்பார்த்து எழுதப்பட்ட முன்னுரைகள் ஏராளம். உங்கள் முன்னுரை அப்படி இருக்கக்கூடாது.

4. துகள் செய்யும்போது உயிரைப் பத்திரப்படுத்துங்கள்

பெரிக் குளோரைடு கரைசலில் சோடியம் போரோஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மஞ்சள் கரைசல் கறுத்துத் துகள் திரளும். பார்க்க அழகான வினை. கூடவே ஹைட்ரஜன் நுரைத்துக் கிளம்பும். ஃப்யூம் ஹூட்டுக்கு வெளியே இதைச் செய்யாதீர்கள். பக்கத்தில் தீயோ பொறியோ இருக்கக்கூடாது. கழிவுக் குடுவையை இறுக மூடி வைக்காதீர்கள். உள்ளே வாயு ஊறிக்கொண்டே இருக்கும். உலர்ந்த நானோ இரும்பு காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளக்கூடியது. நைட்ரஜன் சூழலில் வைத்து, எத்தனாலில் அலசி, ஈரமாகவே சேமியுங்கள். தூளைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள். நுரையீரலுக்குள் போன துகளைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மூத்த மாணவர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக இதில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். இரவில் தனியாக இந்த வினையை நடத்தவும் வேண்டாம்.

5. செய்தது இரும்புதானா என்று சோதியுங்கள்

துகளின் நடுவே உலோக இரும்பும் மேலே மெல்லிய ஆக்சைடு உறையும் இருக்கும். நாள் ஆக ஆக உறை தடித்து நடுப்பகுதி சுருங்கும். எக்ஸ்.ஆர்.டி.யில், வழக்கமான தாமிரக் கதிரில், 44.7 பாகையை ஒட்டி உலோக இரும்பின் முகடு தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் உங்கள் கையில் இருப்பது வேறு ஏதோ ஒன்று. துகள் செய்த நாளையும் பயன்படுத்திய நாளையும் ஒவ்வொரு அளவீட்டுக்கும் பக்கத்தில் குறியுங்கள்.

தேயிலைச் சாறு, இலைச்சாறு கொண்டு ‘பசுமை முறையில்’ துகள் செய்ய விரும்புவோருக்கு ஒரு வார்த்தை தனியாக. போரோஹைட்ரைடைத் தவிர்க்கும் நோக்கம் நல்லது. ஆனால் சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்போடு சேர்ந்தாலே கரைசல் கறுத்துவிடும். பல வேளைகளில் கிடைப்பது இரும்பு–பாலிஃபீனால் கூட்டுப்பொருளோ ஆக்சைடோதான். அதுவும் பயனுள்ளதாக இருக்கலாம். இருந்தால் அதை அதன் பெயரிலேயே சொல்லுங்கள். கறுப்பு நிறத்தை மட்டும் நம்பி உலோக இரும்பு என்று எழுதாதீர்கள்.

6. ஒப்பீட்டுக் குடுவைகளில் கஞ்சத்தனம் வேண்டாம்

இரும்பு இல்லாத குடுவை ஒன்று கட்டாயம். அது மட்டும் போதாது. சிப்ரோஃப்ளாக்சசின் வெளிச்சத்திலேயே சிதையும். குடுவையை அலுமினியத் தாளால் சுற்றுங்கள், சுற்றாத ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அமாக்சிசிலினின் பீட்டா-லாக்டம் வளையம் காரத்தன்மை கூடினால் தானாகவே உடையும். இரும்பு அரிக்கப்படும்போது தண்ணீரின் பி.எச். ஏறும். ஆகவே இரும்பு இல்லாமல், அதே பி.எச்.சில் வைத்த குடுவை வேண்டும். அது இல்லாவிட்டால் பி.எச். செய்த வேலைக்கு இரும்புக்குப் பெயர் கிடைத்துவிடும். கரைந்த இரும்பு அயனி மட்டும் உள்ள குடுவையும் இரும்பு ஆக்சைடு மட்டும் உள்ள குடுவையும் வைத்தால், வேலை செய்வது உலோகமா அதன் துருவா என்று தெளியும். மாதிரியை வடிகட்டும் நைலான் தாளும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். வெறும் மருந்துக் கரைசலை வடித்து, எவ்வளவு குறைகிறது என்று முதல் நாளே பாருங்கள்.

ஒப்பீட்டுக் குடுவைகள் பரிசோதனைக் குடுவைகளைவிட எண்ணிக்கையில் கூடுதலாக இருந்தால் கவலைப்படாதீர்கள். சரியான வழியில் போகிறீர்கள் என்று பொருள்.

7. மருந்தின் கணக்கை நேர் செய்யுங்கள்

இந்தக் கட்டுரை முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

எச்.பி.எல்.சி. வரைபடத்தில் மருந்தின் முகடு சரிந்தால் அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். மூலக்கூறு உடைந்திருக்கலாம். துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கலாம். கரைந்த இரும்போடு பிணைந்து முகடு மாறியிருக்கலாம். அல்லது வடிதாளும் வெளிச்சமும் அதைக் குறைத்திருக்கலாம். கடைசியை ஆறாவது அறிவுரை பார்த்துக்கொள்ளும். மற்ற மூன்றையும் நீங்கள்தான் பிரிக்க வேண்டும்.

ஒட்டியதை அறிய, வினை முடிந்ததும் துகளைக் காந்தத்தாலோ மையவிலக்காலோ பிரித்தெடுங்கள். மருந்தைச் சிதைக்காத கரைப்பானில் அலசியோ அமிலத்தில் துகளைக் கரைத்தோ, எவ்வளவு மருந்து திரும்பக் கிடைக்கிறது என்று அளவிடுங்கள். அந்த அமிலம் மருந்தை உடைக்காது என்பதை முன்னதாகவே சோதித்திருக்க வேண்டும். டெட்ராசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்சசினும் இரும்பு அயனியை இறுகப் பற்றும் குணமுடையவை. அவற்றை அளக்கும் முன் இ.டி.டி.ஏ. போன்ற ஒன்றைச் சேர்த்து இரும்பை விடுவியுங்கள். அப்போது ‘மறைந்த’ முகடு மீண்டும் எழக்கூடும்.

உடைந்ததை அறிய, துண்டுகளைத் தேடுங்கள். டைக்ளோஃபெனாக்கை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு எடை 296. லிட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்திலிருந்து இரண்டு குளோரினும் முழுமையாகக் கழன்றால் தண்ணீரில் 2.4 மில்லிகிராம் குளோரைடு சேர வேண்டும். மருந்து முழுதும் போய், குளோரைடு அரை மில்லிகிராம்தான் கூடியிருக்கிறது என்றால் மிச்சம் எங்கே? இங்கே ஒரு பொறி உண்டு. பெரிக் குளோரைடிலிருந்து செய்த துகளைச் சரியாக அலசாவிட்டால் அதிலிருந்தே குளோரைடு கசியும். மருந்து இல்லாமல் துகளை மட்டும் போட்ட குடுவையில் எவ்வளவு குளோரைடு வருகிறது என்று பார்த்துக் கழியுங்கள். முடிந்தால் சல்பேட் உப்பிலிருந்து துகள் செய்யுங்கள். குழாய்த் தண்ணீரில் இந்தக் கணக்கைப் போட முடியாது. அதிலுள்ள குளோரைடு இந்தச் சிறு தொகையை விழுங்கிவிடும். அயனி நீக்கிய நீரில் தொடங்குங்கள்.

அடுத்து, மொத்தக் கரிமக் கார்பனை அளவிடுங்கள். மருந்து 95 சதவீதம் போய், கரைசலில் கார்பன் குறையவே இல்லை என்றால் மூலக்கூறு வேறு உருவில் தண்ணீரிலேயே இருக்கிறது. கார்பனும் சேர்ந்து குறைந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். துகளில் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான் காட்டும். ஒட்டி மட்டும் போன மருந்து, பாய்க்கு அடியில் தள்ளிய குப்பைதான். அந்தத் துகள் நாளை ஏதோ ஒரு கழிவு மேட்டில் கொட்டப்படும், மழையும் பி.எச். மாற்றமும் மருந்தை மறுபடி தண்ணீருக்கே கொண்டுவரலாம்.

உடைந்தது, ஒட்டியது, தண்ணீரில் எஞ்சியது ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை தொடக்கத்தில் போட்ட மருந்தின் அளவை நெருங்கும்வரை முடிவு எழுதாதீர்கள்.

8. துண்டுகளின் குணத்தையும் பாருங்கள்

உடைந்த மூலக்கூறு தீங்கற்றது என்று எண்ணிவிட வேண்டாம்; சில துண்டுகள் மூலத்தைவிட நச்சாக இருக்கலாம். மறுபுறம், முழுமையாகக் கார்பன் டை ஆக்சைடு ஆகும்வரை உடைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. அமாக்சிசிலினின் பீட்டா-லாக்டம் வளையம் திறந்தாலே அதன் பாக்டீரியா கொல்லும் ஆற்றல் போய்விடும். நம் கவலை எதிர்ப்புத்திறன் என்றால் அதுவே பெரிய பயன். சிப்ரோஃப்ளாக்சசினிலோ ஓரத்துப் பிப்பரசின் வளையம் மட்டும் சிதைந்து நடுக்கரு அப்படியே நின்றால் கொஞ்சம் ஆற்றல் மிஞ்சியிருக்கக்கூடும்.

இதை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அகார் தட்டில் ஈ. கோலையை வளர்த்து, வினைக்கு முந்திய நீரையும் பிந்திய நீரையும் தனித்தனியே இட்டு, தெளிந்த வட்டத்தை அளவுகோலால் அளந்தால் போதும். துகளிலிருந்து வந்த கரைந்த இரும்பு மட்டும் என்ன செய்கிறது என்பதற்கும் ஒரு தட்டு வையுங்கள். உங்கள் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைக் கதவைத் தட்டத் தயங்காதீர்கள்.

9. காற்று வினையையே மாற்றிவிடும்

காற்றில்லாத குடுவையில் இரும்பு எலக்ட்ரானை மருந்துக்குக் கொடுத்து ஒடுக்குகிறது. காற்றைச் செலுத்தினால் அதே இரும்பு ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடைத் தோற்றுவிக்கும். அது இரும்பு அயனியைச் சந்தித்து, ஹென்றி ஃபென்டன் 1894இல் விவரித்த வினையாகி, ஹைட்ராக்சில் தனியுறுப்பைப் பிறப்பிக்கும். அது ஆக்சிஜனேற்றம், முற்றிலும் எதிர்த்திசை. இரண்டும் தரும் துண்டுகளும் வேறு. ஒடுக்கத்துக்கு மசியாத கார்பமசெபின் போன்றவற்றுக்குப் பெராக்சைடோ பெர்சல்பேட்டோ சேர்த்து இந்த இரண்டாம் வழியில் போகலாம். ஆனால் ஃபென்டன் வினைக்கு உகந்த பி.எச். மூன்றை ஒட்டியது. கழிவுநீர் முழுவதையும் அமிலமாக்கி, பிறகு மீண்டும் நடுநிலைக்குக் கொண்டுவரும் செலவை யார் ஏற்பது என்பதையும் யோசித்துவிட்டு அந்த வழியைத் தேர்ந்தெடுங்கள்.

கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்காமல் நடத்திய பரிசோதனையில் எந்த வினை நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

10. உண்மையான தண்ணீரைச் சீக்கிரம் சந்தியுங்கள்

அயனி நீக்கிய நீரில் கணக்கு நேரானதும் அங்கேயே தங்கிவிடாதீர்கள். சாக்கடை நீரில் பாஸ்பேட் இரும்பின் மேற்பரப்பைப் பூசி மூடும். பைகார்பனேட்டும் கடினத்தன்மையும் துகளின் மேல் படிவை ஏற்றும். இலை தழை மக்கியதில் வரும் ஹியூமிக் பொருள், ஹைட்ராக்சில் தனியுறுப்பை மருந்துக்கு முன்னால் தான் தின்றுவிடும். நைட்ரேட்டும் எலக்ட்ரானுக்குப் போட்டியிடும். தண்ணீரே இரும்பை அரித்து ஹைட்ரஜனாக்கி எலக்ட்ரானை வீணடிக்கும். இதைக் குறைக்கத்தான் துகளின் மேல் சல்பைடு ஏற்றும் முறை வந்திருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒன்றாக இவற்றைச் சேர்த்து, எது எவ்வளவு தடுக்கிறது என்று பாருங்கள். பிறகு மருந்தின் அளவைப் படிப்படியாக மைக்ரோகிராமுக்கு இறக்குங்கள். 10 மில்லிகிராமில் கண்ட வேகம் 1 மைக்ரோகிராமில் இருக்கும் என்று கணித்து எழுதாதீர்கள், அளந்து எழுதுங்கள்.

11. போட்ட இரும்பைத் திரும்ப எடுக்கும் வழியோடு வாருங்கள்

துகள்கள் காந்த ஈர்ப்பால் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாகித் திரளும். திரண்டால் பரப்பு குறையும். தனித்தனியே நிற்க வைத்தால் தண்ணீரோடு போய்விடும். குடிநீரில் இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை படியும். ஆகவே களிமண், உயிர்க்கரி, கைட்டோசான் போன்ற ஒரு தாங்கியில் இரும்பை நிலைநிறுத்துவது பெரும்பாலும் நல்லது.

இதில் நம்மருகிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் உருவாக்கிய ‘அம்ரித்’, நானோ அமைப்புள்ள இரும்பு ஆக்சி-ஹைட்ராக்சைடைக் கைட்டோசானோடு பிணைத்து ஆர்செனிக்கை நீக்குகிறது. அங்கே நீக்கப்படுவது மருந்து அல்ல. வேலை செய்வதும் உலோக இரும்பு அல்ல. ஆனால் ஆய்வகத்துத் தூள் ஊர்க் குழாய்வரை போக என்னென்ன வேண்டும் என்பதை அந்த வேலையிலிருந்து கற்கலாம்: துகள் கசியாத அமைப்பு, மின்சாரம் கேட்காத வடிகட்டி, ஏழை ஊருக்கும் கட்டுப்படியாகும் விலை.

12. மற்ற வழிகளோடு நேர்மையாக ஒப்பிடுங்கள்

சுவிட்சர்லாந்து 2016 முதல் சட்டப்படி தன் சுத்திகரிப்பு நிலையங்களில் நூறு அளவுக்குத் தேர்ந்தெடுத்து, நுண்மாசுகளை 80 சதவீதம் நீக்கும்படி மேம்படுத்திவருகிறது. அதற்கு அவர்கள் எடுத்தது ஓசோனும் கிளர்வூட்டிய கரியும். நானோ இரும்பை அவர்கள் எடுக்கவில்லை. இதைக் கண்டு சோர வேண்டாம். நகரச் சாக்கடை முழுவதற்கும் இரும்பைக் கொட்டுவது பொருத்தமில்லை. ஆனால் மருந்து ஆலையின் செறிந்த கழிவோடையில், உயிரியல் சுத்திகரிப்புக்கு முன்னால், பாக்டீரியாவைக் கொல்லும் தொகுதியை முறித்து அனுப்பும் முதல்படியாக இரும்பு நிற்க முடியும். படான்செரு போன்ற இடங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஒரு மில்லிகிராம் மருந்துக்கு எத்தனை கிராம் இரும்பு, எவ்வளவு போரோஹைட்ரைடு, எவ்வளவு சேறு என்று எழுதுங்கள். ‘தொண்ணூற்றெட்டு சதவீதம் நீக்கம்’ என்ற ஒற்றை எண்ணைவிட அது பத்து மடங்கு பயன்படும். வேலை செய்யாத நிலைகளையும் அட்டவணையில் சேருங்கள். அடுத்து வருபவருக்கு ஓராண்டு மிச்சமாகும்.

13. குழாயின் மறுமுனையையும் பேசுங்கள்

டைக்ளோஃபெனாக் கொடுக்கப்பட்ட கால்நடைகளின் உடலைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன என்பதைப் பாகிஸ்தானில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு நிறுவியது. அதற்குள் இந்தியத் துணைக்கண்டத்துப் பாறுகள் அநேகமாக அழிந்தேவிட்டன. தமிழ்நாட்டில் எஞ்சியவை மோயாறு பள்ளத்தாக்கை அண்டி வாழ்கின்றன. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. பறவைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு எந்தத் துகளாலும் வந்ததல்ல. மூலத்தை அடைத்ததால் வந்தது.

ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கு வரம்பு விதிக்கும் வரைவை மத்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021இல் வந்த இறுதி அறிவிப்பில் அந்த வரம்புகள் இடம்பெறவில்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக் தயாரிப்புக் கழிவுக்கென வழிகாட்டுதல் தந்திருக்கிறது. இந்த ஆவணங்களைப் படியுங்கள். வரம்பு கேட்டால் ‘நீக்க வழியில்லை’ என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கணக்கு நேரான உங்கள் அளவீடுகள்தான் அவர்களுக்குப் பதில். உடைந்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஐயமறச் சொல்லும் ஓர் ஆய்வறிக்கையை வைத்துச் சட்டம் கேட்கலாம், ஆலையிடம் பொறுப்பைக் கேட்கலாம். அந்தத் தரத்தில் வேலை செய்யுங்கள் பிள்ளைகளே. அந்த ஆற்றோரம் வாழ்பவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.